சலாவரிசை காப்பாற்றவில்லை

சென்ற மாதம் கேகாலையிலிருந்து மூன்று இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். சிலம்பக் கழகம் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு நான் ஆசியுரை எழுத வேண்டுமாம். பாடத்திட்டத்தைத் தட்டச்சில் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் மாதம் முழுவதும் சலாவரிசை. கம்பெடுப்பதற்கு முன் மண்ணையும் திசைகளையும் குருவையும் வணங்கும் முறைக்கு அந்தப் பெயர்.

"ஒரு மாதம் முழுக்கவா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. வீராயி அம்மாவ சலாவரிசைதானே காப்பாத்துச்சு? அவங்க மண்ணத் தொட்டதும் கங்காணிக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சுன்னு ருவான்வெல்லப் பக்கம் எல்லாரும் சொல்றாங்களே."

இந்தக் கதையை நான் முப்பது வருடமாக மறுத்துவருகிறேன். சந்தையில் மறுத்திருக்கிறேன், கல்யாண வீட்டில் மறுத்திருக்கிறேன், ஒருமுறை பஸ்ஸுக்குள் எழுந்து நின்று மறுத்திருக்கிறேன். இவர்களிடமும் மறுத்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, தொடக்க விழா மலரில் போட என் புகைப்படம் ஒன்று கிடைக்குமா என்றார்கள்.

வாயால் சொல்லிப் பயனில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கம்பு கற்றுக்கொடுத்தவர் அவிசாவளை வீதியில் மாட்டுவண்டி ஓட்டியவர். தன் பரம்பரை ஏதோ ஒரு ராஜாவின் மெய்க்காவலிலிருந்து வந்தது என்று சொல்வார். நான் பார்த்த எல்லாச் சிலம்ப வாத்தியார்களும் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்துக் கிராமங்களில் அங்கம் என்ற தங்கள் சண்டை வித்தையைப் பழகிய சிங்களவர்களும் கண்டி ராஜாவை வைத்து அதையே சொன்னார்கள். ராஜாவின் சமையல்காரனிலிருந்து வந்த வாத்தியார் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. என் ஆசானிடம் எட்டு வருடம் இருந்தேன். முதல் வருடம் கம்பைத் தொட விடவில்லை. கும்பிடு, கால் வை, கும்பிடு, கால் வை. கும்பிடும்போது விரல் நுனி மண்ணில் பட்டால் போதாது, உள்ளங்கை முழுவதும் பதிய வேண்டும். பதியாவிட்டால் புறங்கையில் சாட்டைக் கம்பால் ஒன்று விழும். மற்றபடி நல்ல மனிதர்.

இந்த வித்தையைச் சொல்லித்தான் ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குத் தலைமைக் காவல்காரன் வேலை கிடைத்தது. புகைக்கூடத்தில் காயும் ரப்பர் தகடுகளைத் திருடர்களிடமிருந்து காப்பது வேலை. என் கீழிருந்த ஆறு பேருக்கும் நான் கம்பு பழக்க வேண்டும் என்பது துரையின் நிபந்தனை. பழக்கினேன். தீபாவளிக்குத் தீபாவளி பங்களா வாசலில் தப்படித்து விளையாடிக் காட்டினோம். துரை கைதட்டினார். நான் இருந்த காலம் முழுவதும் ஒரு திருடனும் எங்கள் கம்புக்கு முன்னால் வந்து நின்றதில்லை. நாங்கள் இல்லாத பக்கமாகத்தான் வந்தார்கள். வந்தார்கள், கொண்டுபோனார்கள்.

எனக்கு நேர் மேலதிகாரி பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டியில் மடிப்புக் குலையாமல் உட்காரத் தெரிந்தவர். யாராவது குறை சொல்ல வந்தால் பேனாக்கத்தியை எடுத்துப் பென்சில் சீவத் தொடங்குவார். சீவி முடியும் வரை பேசலாம். முடிந்ததும் நுனியை விரலில் குத்திப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்வார். பதில் எப்போதும் ஒன்றுதான்: இதற்கு ஒரு முறை இருக்கிறது. தொழிலாளியின் முறைப்பாடு அவரை வேலை வாங்கும் கங்காணி மூலம் வரவேண்டும், கங்காணியின் கைநாட்டு அதில் இருக்க வேண்டும். அப்படி வராததை அவர் காதால் கேட்கலாமே தவிர, கையால் எழுத மாட்டார்.

வீராயி ஒன்பதாம் நம்பர் பகுதியில் ரப்பர் மரங்களில் பால் வெட்டினாள். வயது முப்பது இருக்கும். புருஷன் நெஞ்சுச் சளியில் போய்விட்டான், ஒரு பெண் குழந்தை. ஒன்பதாம் நம்பர் தோட்டத்தின் கடைசி. ஓடையைத் தாண்டிப் பாறைக்கு அப்பால் இருந்தது. பால் வெட்டுகிறவர்கள் ஆளுக்கொரு பங்கு மரமாகப் பிரிந்து போவதால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு ஓடைக்கரை ஒற்றையடிப் பாதையால் நிறுவை இடத்துக்கு வர வேண்டும். அந்த நம்பருக்குச் சில்லறைக் கங்காணி மாயாண்டி. வீராயியின் பேர் அவன் கணக்கில் இருந்தது. அந்தப் பாதையில் அவன் காத்து நிற்கத் தொடங்கியிருந்தான். முதலில் பேச்சு, பிறகு கையைப் பிடிப்பது, அந்த மாதம் முந்தானை.

இது காதில் விழுந்ததும் நான் பெரிய கிளாக்கரிடம் போய்ச் சொன்னேன். பென்சில் சீவி முடிந்தது.

"முறைப்பாடு கங்காணி மூலமா வரவேணும். அது உமக்குத் தெரியுந்தானே?"

"கங்காணி மேலதான் முறைப்பாடே, ஐயா."

"அப்பிடியெண்டாலும் முறை முறைதான். மாயாண்டியின்ர கைநாட்டோட கொண்டுவரச் சொல்லும், நான் துரைக்கு வைக்கிறன். நீர் காவல்காரன். உமக்கு இதுக்குள்ள என்ன அலுவல்?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

அன்று பின்னேரம் வீராயி புகைக்கூடத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"வாத்தியாரே, எனக்குக் கம்பு சொல்லிக் குடுங்க."

"பொம்பளைங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கிறதில்லையே."

"பொம்பளைங்க கையத்தானே புடிக்கிறான். ஆம்பளைங்க கையப் புடிச்சான்னா ஆம்பளைங்களுக்கே சொல்லிக் குடுங்க."

பால் வெட்டும் கத்தி கையில் இருக்கிறதே என்று சொன்னேன்.

"இருக்குதுங்க. குத்துனா செத்துருவான். என்னயத் தூக்குல போட்டா எம்புள்ளயப் பாக்க யாரு இருக்கா? அவன் சாகக் கூடாது. திரும்பி வரவும் கூடாது. அந்த மாதிரி ஒரு அடி இருக்குங்களா உங்ககிட்ட?"

இத்தனை வருடத்தில் என்னிடம் கம்பு பழக வந்தவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கும். தனக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை. பெரும்பாலோர் கேட்டது, தீபாவளிக்குள் நெருப்புப் பந்தம் சுற்ற வருமா என்பதுதான்.

இருக்கிறது என்றேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விழும் அடி அது. ஆள் சாக மாட்டான். சில நாளைக்கு நடக்கவும் மாட்டான். அதை அன்றைக்கே, அங்கேயே காட்டியிருக்கலாம். கால் மணி நேரம் போதும். நான் காட்டவில்லை. "முதல்ல சலாவரிசை. அப்புறம் காலடி. கம்பு அதுக்கப்புறந்தான்" என்றேன். என் ஆசான் எனக்குச் சொன்னது அது. வேறு வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்த பின், வெளிச்சம் இருக்கும்போதே, ரப்பர் தகடு காயப்போடும் முற்றத்தில் பழக்கினேன். கால்களைச் சேர்த்து நில். கம்பை வலது காலோரம் கிடத்து. வலது காலை முன்வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து, வலது உள்ளங்கையை மண்ணில் பதி. கண்ணில் ஒற்று. திரும்பு. நாலு திசைக்கும் இதே. நாற்பது நாள் கும்பிடவும் காலடி வைக்கவும் மட்டும் பழக்கினேன். அவள் விரல் நுனியால் தொட்டால் விடமாட்டேன். என் ஆசானைப் போலச் சாட்டைக் கம்பு வைத்திருக்கவில்லை என்று என்னைப் பற்றி எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாளே அவள் சொன்னாள்: "வாத்தியாரே, நான் கும்புட்டு நிமிர்றதுக்குள்ள அவன் கொண்டைய புடிச்சிருவானே?"

"வித்தைக்கு மரியாதை இல்லேன்னா வித்தை நிக்காது."

"அவனும் நிக்க மாட்டானே."

இன்னொரு நாள் பால் வாளியையே கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். "இது கையில இருக்குங்க. கீழ வச்சா சாஞ்சுரும். சாஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க. கம்பு எந்தக் கையில?"

அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிக் கூலி. அதெல்லாம் பிறகு என்றேன். வாளியை ஓரமாக வைக்கச் சொன்னேன். ஒழுங்காக ஒரு முறைகூட நான் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஓடைக்கரையில் மாயாண்டி வழியை மறித்தான். அவள் வாளியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் கிடந்த ரப்பர்க் கொம்பு ஒன்றை எடுத்தாள். இந்த இடம் வரை சரி. இதற்குப் பிறகு அவள் செய்ததை என்னிடம் சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. கொம்பை வலது காலோரம் கிடத்திவிட்டாள். குனிந்தாள். உள்ளங்கையை மண்ணில் பதித்தாள்.

மாயாண்டிக்கு ஒரு கணம் என்னவென்று புரிந்திருக்காது. தன் காலில் விழுகிறாள் என்று நினைத்திருப்பான். பிறகு கொம்பைப் பார்த்திருக்கிறான். புறங்கையை மிதித்தான். கங்காணிமார் போடும் செருப்பு, அடியில் இரும்பாணி அடித்தது. மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அவள் இடது கைக்கு எட்டியது வாளி ஒன்றுதான். அப்படியே தூக்கி முகத்தில் வீசினாள். அன்றைய பால் முழுவதும் அவன் தலையில். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் ஓடைக்கு ஓடியபோது அவள் வெறும் வாளியோடு மேலே ஏறி வந்துவிட்டாள்.

கதையில் வரும் "கண் அவிந்தது" இதுதான். ரப்பர் பால். இரண்டு நாள் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மயிரில் பட்ட ரப்பர் பால் காய்ந்தால் மயிரை எடுத்துத்தான் ஆக வேண்டும். மறுநாள் காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் கூட்டத்துக்கு, மாயாண்டி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். துண்டுக்குக் கீழே புருவத்தையும் காணவில்லை.

"என்னங்க கங்காணி, பழனிக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"முடியக் குடுத்தது சரி. சாமி புருவத்தையுமா கேட்டுச்சு?" என்றது இன்னொன்று.

மாயாண்டி எல்லோருக்கும் முன்பாகவே போய்ப் பெரிய கிளாக்கரிடம் முறைப்பாடு கொடுத்திருந்தான். அவன் கங்காணி அல்லவா, அவன் மூலம் முறைப்படி வந்துவிட்டது, கைநாட்டோடு. வேலைக்குப் பிந்தி வந்ததைக் கேட்டதற்கு வீராயி தாக்கினாள், தோட்டத்துப் பாலை வீணாக்கினாள் என்று எழுதியிருந்தது. இதை வைத்து அவளைத் தோட்டத்தைவிட்டு அனுப்பலாம். அனுப்பினால் தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து அறையும் போகும். அவளும் குழந்தையும் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. துரை பிரம்பு நாற்காலியில். பெரிய கிளாக்கர் பக்கத்தில், சீவிய பென்சிலோடு. நாங்கள் படிக்குக் கீழே. துரைக்கு முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது என்பதால் மாயாண்டி செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டிருந்தான்.

மாயாண்டி சொன்னான். வீராயி சொன்னாள். மண்ணைத் தொடக் குனிந்தபோது மிதித்தான் என்று அவள் சொன்னதும் துரை கையை உயர்த்தினார்.

"அடிக்க வர்ற ஆளுக்கு முன்னாலே எதுக்குக் குனியிறது?"

"வாத்தியாரு அப்படித்தான் பழக்குனாருங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "நீ என்னா சொல்லிக் குடுத்தது? செய். இங்கேயே செய்."

வராந்தாச் சிமெந்துத் தரையில் ஏறி நின்று சலாவரிசை செய்தேன். தீபாவளிக்குக் கைதட்டிய அதே துரை இப்போது சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் திசைக்குக் குனிந்தபோது என் உள்ளங்கைக்கு எதிரே, படியோரத்தில், மாயாண்டியின் செருப்பு ஒன்று சாய்ந்து கிடந்தது. அடிப்பாகம் தெரிந்தது. முன்பக்கத்தில் ஐந்து ஆணித்தலைகள் வளைவாக, நடுவில் ஒன்று விழுந்துபோன இடம். முந்திய நாள் வீராயியின் கைக்கு எண்ணெய் போட்டுக் கட்டியவன் நான். புறங்கையில் இரண்டு புள்ளி, ஒரு இடைவெளி, மூன்று புள்ளி இருந்ததைப் பார்த்திருந்தேன்.

குனிந்தபடியே சொன்னேன்: "துரை, அந்தச் செருப்பையும் அவ கையையும் சேர்த்துப் பாருங்க."

"நிமிர்ந்து நிண்டு கதையும்" என்றார் பெரிய கிளாக்கர்.

துரை எழுந்து வந்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். செருப்பை நான் எடுத்துப் பிடித்தேன். இரண்டு, இடைவெளி, மூன்று. பிறகு என்னைத் திரும்பவும் குனியச் சொல்லி, தரையில் பதிந்த என் கையை ஒருமுறை பார்த்தார். அடிக்கப் போனவளின் கை செருப்புக்குக் கீழே இருக்க வேண்டுமானால் அது மண்ணில் இருந்திருக்க வேண்டும். மண்ணில் கை வைத்துக்கொண்டு யாரும் அடிக்கத் தொடங்குவதில்லை.

இதைத்தான் "சலாவரிசை காப்பாற்றியது" என்கிறார்கள். சலாவரிசை இல்லாவிட்டால் அவளுக்கு அந்தக் காயமே வந்திருக்காது. கொம்பு கையில் இருந்தது. இடமும் இருந்தது. கும்பிடாமல் முன்னெலும்பில் ஒன்று போட்டிருந்தால் விஷயம் ஓடைக்கரையிலேயே முடிந்திருக்கும்.

துரை இங்கிலீஷில் ஏதோ சொல்ல, பெரிய கிளாக்கர் தீர்ப்பைத் தமிழில் தந்தார். மாயாண்டி கீழ் டிவிசனுக்கு மாற்றம். வீராயி தோட்டத்தில் இருக்கலாம். பால் சிந்தியதற்கு அன்று அரைப் பேர். நான் பழக்குவதானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"அரைப் பேர் எதுக்குங்க, ஐயா? அவன் மிதிச்சதுனாலதானே சிந்துச்சு?" என்று கேட்டேன்.

"சிந்தினது சிந்தினதுதானே" என்றார் அவர். அந்தப் பென்சிலைப் பிடுங்கி முறித்திருப்பேன். முறிக்கவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

சாயந்தரம் லயத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்க வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"பயம் வந்துச்சுங்க வாத்தியாரே. பயத்துல கை அதும்பாட்டுக்கு மண்ணுக்குப் போயிருச்சு" என்றாள். கோபம் இல்லை, அவளும் யோசித்துத்தான் சொன்னாள். "நாப்பது நாளா அதத்தானே பழக்குனீங்க. வேற எதப் பழக்கியிருந்தாலும் அது வந்திருக்கும்."

எட்டு வருடம் கம்பு கற்று, பத்து வருடம் கற்றுக்கொடுத்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உயிர் பயத்தில் மனிதன் யோசிப்பதில்லை. எதை அதிகம் பழகினானோ அதைச் செய்கிறான். மூன்றாம் நாளே அவள் அதை வேறு வார்த்தையில் சொல்லியிருந்தாள்.

மணிக்கட்டு ஆறும் வரை காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்கும் நிறுவை இடத்துக்கும் நடந்தேன். என் காவல்காரர்கள் சிரித்தார்கள். "வாத்தியாருக்குப் பால் வெட்டுல பேரு போட்டுட்டாங்களா?" சிரிக்கட்டும் என்று விட்டேன். வாளி எந்தத் தோளை இழுக்கிறது, எந்தக் கால் சுமையை வாங்குகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் தளும்புகிறது என்பது நாலு நாளில் தெரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு என் பெருமைக்குரிய காலடிகளில் மூன்றைத் தவிர எதையும் வைக்க முடியவில்லை.

அந்த மூன்றை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கினோம். வாளி இடது கையில், நிறையத் தண்ணீரோடு. வலது கையில் இரண்டு முழக் கம்பு. பார்க்கிறவர்கள் சுமைக்குத் தாங்கு என்று நினைக்கும் அளவு. பக்கவாட்டில் ஒரு காலடி, சுமை இடது காலில், கம்பு கீழே. ஓங்கக் கூடாது. ஓங்கினால் வாளி ஆடும், எதிரிக்கும் தெரிந்துவிடும். அடித்ததும் நின்று பார்க்காமல் நடக்க வேண்டும். பாதைக்குச் சரிவந்ததை அவள் தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். வராததைச் சொல்லிவிட்டாள். "இது பங்களா வாசல்ல நல்லா இருக்குங்க. பாறையில வழுக்கும்." இரண்டாம் மாதம் இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள். முதல் நாள் ஒருத்தி என் முன்னால் குனிந்தாள்.

"நிமிருடி" என்றாள் வீராயி. "கும்புடுறதெல்லாம் அவன் ஓடுன பெறகு."

தண்ணீர் சிந்தாமல் கம்பால் பதினைந்து அடி. அதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட பரீட்சை.

ஆறேழு மாதத்தில் மாயாண்டி திரும்பி வந்தான். கீழ் டிவிசனில் கங்காணிமார் கூடிப்போனார்கள், ஒன்பதாம் நம்பருக்கு ஆள் இல்லை, முறைப்படி பழைய ஆளையே போட்டாகிவிட்டது. கேட்கப் போன எனக்கு முன்னால் பென்சில் சீவப்பட்டது. வீராயியை வேறு நம்பருக்கு மாற்றுங்கள் என்றேன். அதற்கு அவளுடைய கங்காணி சொல்ல வேண்டுமாம். எந்தக் கங்காணி என்று நான் கேட்கவில்லை.

அவளிடம் வந்து சொன்னேன். அவனுக்கு மயிர் நன்றாக வளர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் வாரம் ஒருநாள் முற்பகலில் நான் நிறுவை இடத்தில் நின்றேன். மாயாண்டி ஓடைப் பக்கமிருந்து இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு மருந்துக்காரரிடம் போனான். பாறையில் வழுக்கிவிட்டதாம், முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கியிருந்தது. அவனாகவே சொன்னான், யாரும் கேட்கவில்லை. முறைப்பாடு எதையும் அவன் கொடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

சற்று நேரத்தில் வீராயி அதே பாதையால் வந்தாள். வழக்கமான நடை. வரிசையில் நின்று, முறை வந்ததும் வாளியைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். பால் விளிம்புக்கு ஒரு விரல் கீழே, ஆடாமல் நின்றது. சின்னக் கிளாக்கர் பேரேட்டைத் திறந்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுப் பேரு போடுங்கய்யா" என்றாள். "ஒரு சொட்டுச் சிந்தல."